ஸ்வாப் வரியில் பூஜ்யமா? லினக்ஸில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டெர்மினலைத் திறந்து ஃப்ரீ -எச் என்று அடித்தால் கடைசி வரியில் ஸ்வாப் கணக்கு வரும். ரேம் போதாதபோது அதில் உள்ளதை எடுத்துவைக்கப் பொதுவாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்தான் ஸ்வாப். அந்த வரி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் பலரும் செய்வது ஒன்றுதான்: எங்கோ கிடைத்த நாலு கட்டளைகளை ஒட்டிப் புதிதாக ஒரு ஸ்வாப் ஃபைல் உருவாக்கிவிடுவார்கள். பூஜ்யம் மறைந்துவிடும். ஆனால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் சும்மாவே கிடக்கும். பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்திருக்கிற தொல்லையும் அப்படியே தொடரும்.

பூஜ்யத்துக்குக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். ஸ்வாப்புக்கு இடமே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அல்லது இடம் இருக்கும், அது ஸ்வாப் என்று காட்டும் முத்திரை இருக்காது. அல்லது முத்திரையும் இருக்கும், யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். அல்லது இயக்கியிருப்பார்கள், மறுபடி பூட் செய்ததில் போயிருக்கும். எது என்று தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். அதைத் தெரிந்துகொள்ளாமல் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். அந்த முத்திரையைப் போடும் எம்கேஸ்வாப் கட்டளையைத் தவறான பார்ட்டிஷனில் ஓட்டினால் அங்கிருக்கும் தரவு பாழாகிவிடும், திரும்பக் கிடைப்பது அரிது.

இங்கே கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகவே அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கையோ அமைப்பையோ மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சுடோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

ஸ்வாப்ஆன் --ஷோ

இந்த நிமிடம் இயங்கிக்கொண்டிருக்கும் ஸ்வாப்பை மட்டும் இது காட்டும். எதுவுமே இயங்கவில்லை என்றால் ஒரு வரிகூட வராது, பிழைச் செய்தியும் வராது. கட்டளை வேலை செய்யவில்லையோ என்று குழம்ப வேண்டாம், அந்த மௌனம்தான் பதில். சந்தேகமாக இருந்தால் /ப்ராக்/ஸ்வாப்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள், லினக்ஸின் மையமான கெர்னல் நேரடியாகச் சொல்லும் கணக்கு அது.

எல்எஸ்பிஎல்கே -எஃப்

டிஸ்க்கில் என்னென்ன பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் என்ன வகை என்று இது சொல்லும். வகை என்ற இடத்தில் ஸ்வாப் என்று இருந்தால் முத்திரை போட்டாயிற்று என்று அர்த்தம். அதே வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஸ்வாப் என்று இருந்தால் அது இயங்கவும் செய்கிறது. முன்னது இருந்து பின்னது இல்லையென்றால் ஆள் இருக்கிறார், வேலைக்கு வரவில்லை.

கேட் /ஈடிசி/எஃப்எஸ்டேப்

அடுத்த பூட்டில் எதை இயக்க வேண்டும் என்ற பட்டியல் இது. ஸ்வாப் பார்ட்டிஷனுக்கான வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

யுயுஐடி=அந்தப் பார்ட்டிஷனின் நீண்ட எண், நன், ஸ்வாப், எஸ்டபிள்யூ, 0, 0

இடையில் காற்புள்ளி கிடையாது, இடைவெளி மட்டும்தான். யுயுஐடி என்பது மட்டும் பெரிய எழுத்து. வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் அந்த வரி செயலில் இல்லை.

உபுண்டு பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 17.04 பதிப்பிலிருந்து டெஸ்க்டாப் நிறுவல் தனிப் பார்ட்டிஷன் போடாமல் ஸ்வாப் ஃபைலையே உருவாக்குகிறது. அதனால் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் ஸ்வாப் தெரியாததை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ரூட்டில் /ஸ்வாப்ஃபைல் அல்லது /ஸ்வாப்.ஐஎம்ஜி என்ற பெயரில் ஒரு பெரிய ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: பார்ட்டிஷன் இருக்கிறது, ஸ்வாப் பூஜ்யம், பூட் ஆக ஒன்றரை நிமிடம் கூடுதலாக ஆகிறது

ஒரே லேப்டாப்பில் இரண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வருவது இது. முதலில் ஒரு டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) நிறுவினீர்கள், அது ஸ்வாப் பார்ட்டிஷனின் யுயுஐடியைத் தன் எஃப்எஸ்டேபில் எழுதிக்கொண்டது. பிறகு இரண்டாவது டிஸ்ட்ரோவை நிறுவும்போது அதன் இன்ஸ்டாலர் அதே பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்தது. எம்கேஸ்வாப் ஓடும்போதெல்லாம் புது யுயுஐடி பிறக்கும். பழைய டிஸ்ட்ரோவோ இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். பூட்டின்போது மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஒரு சாதனத்துக்காக வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும். திரையில் அப்போது "எ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்" என்று தொடங்கும் வரியும், நட்சத்திரக் குறிகள் இங்கும் அங்கும் ஓடுவதும் தெரியும்.

எல்எஸ்பிஎல்கே காட்டும் யுயுஐடியையும் எஃப்எஸ்டேபில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எட்டு எழுத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். புது எண்ணை எஃப்எஸ்டேபில் எழுதி, பிறகு இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
ஸ்வாப்ஆன் -ஏ

இரண்டாவது கட்டளை எஃப்எஸ்டேபில் உள்ள எல்லா ஸ்வாப்பையும் இயக்கும். பிழை எதுவும் இல்லாமல் முடிந்து ஸ்வாப்ஆன் --ஷோ ஒரு வரி காட்டினால் வேலை முடிந்தது.

எஃப்எஸ்டேபைத் தொடாமல் பார்ட்டிஷனுக்கே பழைய எண்ணைத் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. முதலில் ஸ்வாப்ஆஃப் செய்துவிட்டு, ஸ்வாப்லேபிள் கட்டளையில் பெரிய எழுத்து -யூ போட்டு, பழைய யுயுஐடியையும் சாதனத்தின் பெயரையும் கொடுக்க வேண்டும். ஆனால் மற்ற டிஸ்ட்ரோ புது எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே இதே தொல்லை ஆரம்பிக்கும். அதனால் எஃப்எஸ்டேபைத் திருத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி.

எஃப்எஸ்டேப் சரியாகிவிட்டது, ஆனாலும் டெபியனிலோ உபுண்டுவிலோ பூட்டின் தொடக்கத்திலேயே "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று வருகிறதா? அது வேறு இடத்தில் உள்ள பழைய எண். /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் என்ற ஃபைலில் ரெஸ்யூம் என்ற பெயருக்கு எதிரே அந்த யுயுஐடி இருக்கும். அதையும் மாற்றுங்கள். ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை ஸ்வாப்பில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) செய்வதே இல்லை என்றால் எண்ணுக்குப் பதில் நன் என்று எழுதிவிடலாம். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டினால்தான் மாற்றம் செல்லும், இங்கே யூ சிறிய எழுத்து. பலர் ஃபைலைத் திருத்திவிட்டு இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிடுகிறார்கள்.

எல்எஸ்பிஎல்கே பட்டியலில் வகை ஸ்வாப் என்று இல்லாமல் எஸ்டபிள்யூசஸ்பெண்ட் என்று இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு டிஸ்ட்ரோ அந்த இடத்தில் ஹைபர்னேட் ஆகித் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கிருந்து ஸ்வாப்ஆன் செய்தால் அது அந்த முத்திரையை அழித்துவிட்டு எழுதும். அங்கே திறந்து வைத்திருந்த, சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். அந்த டிஸ்ட்ரோவைத் தொடங்கி ஒழுங்காக மூடிவிட்டு வாருங்கள். இரண்டு லினக்ஸுக்கு ஒரே ஸ்வாப்பைப் பகிரலாம், ஹைபர்னேட் செய்கிற வழக்கம் இருந்தால் மட்டும் பகிராதீர்கள்.

அறிகுறி: சர்வரில் டேட்டாபேஸ் தானாகச் செத்துப்போகிறது, அல்லது ஏதோ நிறுவும்போது "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது

1 ஜிபி ரேம் உள்ள சின்ன கிளவுட் சர்வர்களின் தீராத பிரச்சினை இது. கிளவுட் நிறுவனங்கள் தரும் லினக்ஸ் இமேஜ்களில் பெரும்பாலும் ஸ்வாப் இருப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் ஒரு பக்கம், பிஎச்பி ஒரு பக்கம், நடுவில் ஒரு என்பிஎம் பில்ட் என்றால் ரேம் போதாது. ரேம் முழுக்கத் தீர்ந்து, எடுத்துவைக்க ஸ்வாப்பும் இல்லாதபோது கெர்னல் ஒரு ப்ராசஸை (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை) கொல்லும். இதைச் செய்வதுதான் ஓஓஎம்-கில்லர், ஓஓஎம் என்றால் அவுட் ஆஃப் மெமரி.

ஊகத்தில் ஸ்வாப் சேர்க்காமல் முதலில் கெர்னல் பதிவைப் படியுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -கே | க்ரெப் -ஐ ஓஓஎம்

இங்கே தேட வேண்டியது இரண்டு வரிகள். "இன்வோக்டு ஓஓஎம்-கில்லர்" என்று உள்ள வரியில் அந்தச் சொற்களுக்கு முன்னால் உள்ள பெயர், அந்த நொடியில் மெமரி கேட்டவர். "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்" என்ற வரியில் உள்ள பெயர், கொல்லப்பட்டவர். இரண்டும் ஒருவராக இருக்க வேண்டும் என்று இல்லை. பிஎச்பி கேட்டிருக்கும், மைஎஸ்க்யூஎல் செத்திருக்கும், ஏனென்றால் கெர்னல் பொதுவாகப் பெரிய ஆளாகப் பார்த்துத்தான் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போகிறவர்கள் இந்த முதல் வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே கில்டு வரியில் டோட்டல்-விஎம் என்று ஒரு பெரிய எண் இருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம். உண்மையில் ரேமில் பிடித்துவைத்திருந்தது எவ்வளவு என்பதை அதற்கு அடுத்து வரும் அனான்-ஆர்எஸ்எஸ் சொல்லும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு பட்டியல் ஓடும், க்ரெப் இல்லாமல் பார்த்தால் தெரியும். அதில் "டோட்டல் ஸ்வாப்" என்ற வரி முக்கியம். அங்கே 0கேபி என்று இருந்தால் அந்த நேரத்தில் ஸ்வாப்பே இல்லை. எண் இருந்து, "ஃப்ரீ ஸ்வாப்" பூஜ்யமாக இருந்தால் ஸ்வாப்பும் தீர்ந்திருக்கிறது. அப்போது இன்னும் 1 ஜிபி சேர்ப்பது தற்காலிக ஆறுதல்தான். எந்த ப்ராசஸ் மெமரியைத் திருப்பித் தராமல் கசியவிடுகிறது என்று தேடுவதுதான் வேலை.

ஸ்வாப் இல்லை என்று உறுதியானதும், ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) என்றால் 2 ஜிபி ஃபைல் உருவாக்கும் வரிசை இது:

ஃபாலோகேட் -எல் 2ஜி /ஸ்வாப்ஃபைல்
சிஎச்மாட் 600 /ஸ்வாப்ஃபைல்
எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்
ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்

ஜி மட்டும் பெரிய எழுத்து. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஸ்வாப்பில் போய் உட்காருவது ப்ராசஸ்களின் மெமரி. கடவுச்சொல்லும் சாவியும் அதில் இருக்கலாம். 644 உரிமையோடு விட்டால் அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படித்துவிடலாம். ஸ்வாப்ஆன் அப்போதும் இயக்கிவிடும், "இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்" என்று எச்சரிப்பதோடு சரி. எச்சரிக்கைதானே என்று விடக்கூடாத எச்சரிக்கை அது.

எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு ரெட் ஹேட் ஆவணங்கள் தரும் கணக்கு நல்ல தொடக்கம்: 2 ஜிபி வரை ரேம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, 2க்கு மேல் 8 வரை என்றால் ரேம் அளவு, 8க்கு மேல் 64 வரை என்றால் குறைந்தது 4 ஜிபி. ஹைபர்னேட் செய்ய வேண்டும் என்றால் கணக்கு வேறு, அது கடைசியில்.

அறிகுறி: ஸ்வாப்ஆன் பிழை சொல்லிவிட்டு நிற்கிறது

பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"ரீட் ஸ்வாப் ஹெடர் ஃபெயில்டு" என்றால் முத்திரை இல்லை. எம்கேஸ்வாப் செய்யும்போது முதல் பக்கத்தின், அதாவது வழக்கமான 4096 பைட்டின், கடைசி 10 பைட்டில் ஸ்வாப்ஸ்பேஸ்2 என்ற சொல் எழுதப்படுகிறது. கெர்னல் அதைத்தான் தேடுகிறது. எம்கேஸ்வாப் ஓட்டுங்கள். பார்ட்டிஷனாக இருந்தால், அது நிஜமாகவே ஸ்வாப்புக்கான பார்ட்டிஷன்தானா என்று அளவையும் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்றால் அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்வாப்ஆன் --ஷோ பார்த்தால் இருக்கும்.

ஃபாலோகேட் செய்யும்போது "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று வந்தால், அந்தப் பெயரில் ஸ்வாப் ஃபைல் ஒன்று உபயோகத்தில் இருக்கிறது. உபுண்டு டெஸ்க்டாப்பில் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு வருவது இதுதான். இருப்பதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்வாப்ஆஃப் /ஸ்வாப்ஃபைல், அப்புறம் ஃபாலோகேட், எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். ஃபைல் பெயர் அதே என்பதால் எஃப்எஸ்டேபைத் தொட வேண்டாம்.

"இட் அப்பியர்ஸ் டு ஹேவ் ஹோல்ஸ்" அல்லது "இன்வாலிட் ஆர்க்யுமெண்ட்" என்பவைதான் கொஞ்சம் விளக்கம் கேட்பவை. ஸ்வாப் ஃபைலில் எழுதும்போது கெர்னல் ஃபைல்சிஸ்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது. ஃபைலின் ஒவ்வொரு பகுதியும் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று இயக்கும்போதே குறித்துக்கொண்டு, பிறகு நேராக அங்கே எழுதும். ஆகவே ஃபைலின் எல்லாப் பகுதிக்கும் டிஸ்க்கில் நிஜ இடம் இருக்க வேண்டும், அந்த இடம் மாறவும் கூடாது. ட்ரங்கேட் கட்டளையால் உருவாக்கிய ஃபைலில் அளவு மட்டும்தான் இருக்கும், இடம் இருக்காது. 4.18க்கு முந்தைய கெர்னலில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ஃபாலோகேட் செய்தாலும் இதே பிழை வரும். டிடி கட்டளையால் நிஜமாகவே பூஜ்யங்களை எழுதி நிரப்பினால் சரியாகும்:

டிடி ஐஎஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=/ஸ்வாப்ஃபைல் பிஎஸ்=1எம் கவுண்ட்=2048

எம் பெரிய எழுத்து. ஐஎஃப், ஓஎஃப் இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிடாதீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் டிடியும் உதவாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் வேறிடத்தில் எழுதுவது அதன் இயல்பு, ஸ்வாப்புக்கு அது ஒத்துவராது. கெர்னல் 5.0 முதல் அங்கே ஸ்வாப் ஃபைல் வைக்கலாம், ஆனால் அந்த இயல்பையும் கம்ப்ரஷனையும் அந்த ஃபைலுக்கு மட்டும் அணைத்திருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் 6.1லிருந்து இவற்றையெல்லாம் ஒரே கட்டளை செய்துவிடுகிறது:

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல் --சைஸ் 4ஜி /ஸ்வாப்/ஸ்வாப்ஃபைல்

இங்கே ஜி சிறிய எழுத்தாக இருந்தாலும் சரி. அந்த /ஸ்வாப் தனி சப்வால்யூமாக, அதாவது ஃபைல்சிஸ்டத்துக்குள் தனியாகப் பிரித்த பகுதியாக, இருக்கட்டும். ஸ்வாப் ஃபைல் இயங்கிக்கொண்டிருக்கும் சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்க முடியாது. ரூட்டிலேயே வைத்துவிட்டால் தானியங்கி ஸ்னாப்ஷாட் எல்லாம் தோற்கத் தொடங்கும். அப்போது ஸ்வாப்தான் காரணம் என்று எளிதில் தோன்றாது.

"ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று வருகிறது, சுடோவும் போட்டிருக்கிறீர்கள் என்றால் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் ஓட்டிப் பாருங்கள். எல்எக்ஸ்சி, ஓபன்விஇஸட் என்று பதில் வந்தால் அது தனிக் கெர்னல் இல்லாத கண்டெய்னர். ஸ்வாப்பை வெளியே இருக்கும் ஹோஸ்ட்தான் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து என்ன செய்தாலும் நடக்காது. கேவிஎம் என்று வந்தால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

அறிகுறி: இன்று இயங்குகிறது, மறுபடி பூட் செய்தால் காணோம்

ஸ்வாப்ஆன் கட்டளை அந்த பூட்டுக்கு மட்டும்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் எஃப்எஸ்டேபில் வரி வேண்டும். ஃபைலாக இருந்தால் யுயுஐடி எழுதாதீர்கள், பாதையையே எழுதுங்கள்:

/ஸ்வாப்ஃபைல் நன் ஸ்வாப் எஸ்டபிள்யூ 0 0

எம்கேஸ்வாப் ஃபைலுக்கும் ஒரு யுயுஐடி காட்டும் என்பதால் அதைக் காப்பி செய்து எழுதுகிறவர்கள் உண்டு. பூட்டின்போது யுயுஐடியை வைத்துத் தேடுவது பிளாக் சாதனங்களில்தான். ஃபைலுக்குள் இருக்கும் எண் அங்கே கிடைக்காது, மறுபடி அந்த 90 நொடிக் காத்திருப்புதான்.

எழுதியதும் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள். எஃப்எஸ்டேபில் உள்ள எழுத்துப் பிழைகளை அது வரியோடு சொல்லிவிடும். பிறகு ஸ்வாப்ஆஃப் செய்துவிட்டு ஸ்வாப்ஆன் -ஏ செய்து பார்த்தால் அடுத்த பூட்டில் என்ன நடக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஸ்வாப் இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது, ஆனாலும் ஆப் மூடிக்கொள்கிறது

பிரவுசர் முழுதாகச் சட்டென்று மறைகிறது, கெர்னல் பதிவில் ஓஓஎம் வரி எதுவும் இல்லை என்றால் சிஸ்டம்டி-ஊம்டியைப் பாருங்கள். ஃபெடோரா 34, உபுண்டு 22.04 டெஸ்க்டாப் முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. மெமரி முழுக்கத் தீரும் வரை காத்திராமல், நெருக்கடி ஒரு அளவைத் தாண்டிச் சில நொடி நீடித்தாலே கொன்றுவிடும், அதுவும் ஆப்பின் எல்லா ப்ராசஸையும் சேர்த்து. ஜர்னல்சிடிஎல் -யூ சிஸ்டம்டி-ஊம்டி என்று பார்த்தால் எதை, ஏன் கொன்றது என்று எழுதியிருக்கும். ஸ்வாப் மிகச் சின்னதாக இருந்தால் பெரிதாக்குங்கள். நான் இதை முழுதாக அணைத்துவிடச் சொல்ல மாட்டேன், அணைத்தால் அரைமணி நேரம் மவுஸ்கூட நகராமல் உறைந்துபோகும் நிலைக்குத் திரும்புவீர்கள்.

டாக்கர் கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றால் அது 128 கூட்டல் 9, அதாவது சிக்கில் சிக்னல். ஹோஸ்ட்டில் ரேமும் ஸ்வாப்பும் தாராளமாக இருந்தாலும் கண்டெய்னருக்கு வைத்த மெமரி வரம்பைத் தாண்டினால் அங்கேயே கொல்லப்படும். ஹோஸ்ட்டில் ஸ்வாப் சேர்ப்பதற்கு முன்னால் அந்த வரம்பைப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்வாப் இயங்குகிறது, கணினி ஊர்கிறது

ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் 1.2 ஜிபி உபயோகம் என்று பார்த்ததும் பதறுகிறார்கள். அந்த எண்ணில் பதற ஒன்றுமில்லை. அடிக்கடி எடுக்காத பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவைப்பதுபோல, தொடாத பக்கங்களைக் கெர்னல் ஸ்வாப்பில் வைக்கிறது. பரண் நிறைந்திருப்பது தொல்லை இல்லை, நிமிடத்துக்கு நாலு தடவை ஏறி இறங்குவதுதான் தொல்லை. அந்த ஏற்ற இறக்கத்தை அளப்பது இது:

விஎம்ஸ்டேட் 1

ஒவ்வொரு நொடியும் ஒரு வரி வரும். முதல் வரி பூட் ஆனதிலிருந்து சராசரி என்பதால் அதை விட்டுவிடுங்கள். எஸ்ஐ என்பது ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, எஸ்ஓ என்பது வெளியே போவது. இரண்டும் பெரும்பாலும் பூஜ்யமாக இருந்து எப்போதாவது ஒரு எண் வந்தால் எல்லாம் நலம், மெதுவாக இருப்பதற்குக் காரணம் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் விடாமல் ஓடினால் ரேம் போதவில்லை. கெர்னல் 4.20 முதல் /ப்ராக்/ப்ரெஷர்/மெமரி என்ற ஃபைலும் உண்டு. அதில் ஃபுல் என்ற வரியில் ஏவிஜி10 தொடர்ந்து உயர்ந்திருந்தால், கடந்த 10 நொடியில் அந்தச் சதவீத நேரம் எல்லா வேலையும் மெமரிக்காகக் காத்து நின்றிருக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் ஸ்வாப்பினஸைக் குறைக்கச் சொல்வார்கள். அதன் இயல்பு மதிப்பு 60. ரேம் 60 சதவீதம் நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும் என்பது பரவலாக இருக்கும் தவறான விளக்கம். இடம் தேவைப்படும்போது ப்ராசஸ் மெமரியை ஸ்வாப்புக்கு அனுப்புவதா, டிஸ்க்கிலிருந்து படித்துவைத்த ஃபைல் கேஷை விடுவிப்பதா என்ற தராசு அது. கெர்னல் 5.8 முதல் 0விலிருந்து 200 வரை வைக்கலாம், 100 என்றால் இரண்டுக்கும் ஒரே எடை. மெதுவான ஹார்டு டிஸ்க்கில் ஸ்வாப் இருந்தால் 10 அல்லது 20 என்று குறைப்பது டெஸ்க்டாப்பில் பயன் தரும்:

சிஸ்சிடிஎல் விஎம்.ஸ்வாப்பினஸ்=10

இதுவும் இந்த பூட்டுக்கு மட்டும். நிலைக்க வேண்டுமென்றால் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் அதே வரியை எழுதுங்கள்.

4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் நான் முதலில் சொல்வது ஸ்வாப்பினஸ் இல்லை, இஸட்ரேம். பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் சுருக்கி ரேமிலேயே வைக்கும் ஸ்வாப் சாதனம் அது. சுருக்கி விரிப்பதற்கு ப்ராசஸருக்குச் சிறிது வேலை, ஆனால் ஹார்டு டிஸ்க்கின் ஊசி நகர்வதைவிட எவ்வளவோ வேகம். ஃபெடோரா 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாகத் தருகிறது. அதனால்தான் ஃபெடோராவில் எஃப்எஸ்டேபில் வரியே இல்லாமல் ஸ்வாப்ஆன் --ஷோ /டெவ்/இஸட்ரேம்0 என்று காட்டும், அதை யாரோ தவறுதலாகப் போட்டது என்று அணைக்காதீர்கள். டிஸ்க் ஸ்வாப்பும் சேர்த்து வைத்தால் ப்ரையாரிட்டி எண்ணைக் கவனியுங்கள். பெரிய எண் உள்ளது முதலில் நிறையும், எண் கொடுக்காத ஸ்வாப்புக்குக் கெர்னல் மைனஸ் எண் கொடுக்கும். இஸட்ரேம் மேலே, டிஸ்க் கீழே என்று இருக்க வேண்டும்.

அறிகுறி: ஸ்வாப்பை அணைக்க முடியவில்லை, அல்லது அணைத்தது திரும்பி வருகிறது

இது குபர்நெட்டீஸ் (பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) நிறுவுகிறவர்களின் பிரச்சினை. ஒவ்வொரு கணினியிலும் (நோட்) ஓடும் அதன் பகுதியான குபெலெட், இயல்பு அமைப்பில் ஸ்வாப் இயங்கும் கணினியில் தொடங்க மறுக்கும். ஸ்வாப்ஆஃப் -ஏ செய்வார்கள், நோட் சேரும், அடுத்த பூட்டில் மறுபடி விழும். எஃப்எஸ்டேப் வரியின் முன்னால் # போட வேண்டும். போட்டும் திரும்பி வந்தால் அது சிஸ்டம்டியின் ஜிபிடி-ஆட்டோ-ஜெனரேட்டர் வேலை. ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்கில் ஸ்வாப் வகை என்று குறித்த பார்ட்டிஷனை எஃப்எஸ்டேபில் இல்லாமலே அது இயக்கக்கூடும். சிஸ்டம்சிடிஎல் --டைப் ஸ்வாப் ஓட்டினால் யூனிட்டின் பெயர் தெரியும், அதை சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் செய்து இனி தொடங்காதபடி தடுத்துவிடுங்கள்.

ஸ்வாப்ஆஃப் செய்யும்போது "கேனாட் அலோகேட் மெமரி" என்று வந்தால், ஸ்வாப்பில் இருப்பதைத் திருப்பி எடுக்க ரேமில் இடமில்லை. பெரிய ப்ராசஸ் ஒன்றை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இடமிருந்தாலும் ஹார்டு டிஸ்க்கில் பல நிமிடம் ஆகலாம், நடுவில் பவரை அணைக்க வேண்டாம்.

அறிகுறி: ஹைபர்னேட் "நாட் எனஃப் ஸ்வாப்" என்கிறது, அல்லது எழும்போது புதிதாக பூட் ஆகிறது

முதலாவதற்கு அளவு காரணம். ரேம் அளவுக்குக் குறையாமல் ஸ்வாப் வையுங்கள். இஸட்ரேம் இந்தக் கணக்கில் சேராது, அது ரேமிலேயே இருப்பது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பல டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஹைபர்னேட்டையே தடுத்துவிடும், அங்கே ஸ்வாப்பைக் கூட்டிப் பயனில்லை.

இரண்டாவதற்கு, எங்கிருந்து எழ வேண்டும் என்று கெர்னலுக்குத் தெரியாதது காரணம். பார்ட்டிஷன் என்றால், பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ரெஸ்யூம்= என்பதற்கு அதன் யுயுஐடி போதும். ஸ்வாப் ஃபைல் என்றால் ஃபைல் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடியைக் கொடுத்து, கூடவே ரெஸ்யூம்_ஆஃப்செட்= எண்ணும் வேண்டும். ஈஎக்ஸ்டி4இல் ஃபைல்ஃப்ராக் -வி /ஸ்வாப்ஃபைல் ஓட்டினால் முதல் வரிசையில், ஃபிசிகல் ஆஃப்செட் என்ற பத்தியில் முதலாவதாக இருக்கும் எண் அதுதான். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஃபைல்ஃப்ராக் தரும் எண் பொருந்தாது. அங்கே பிடிஆர்எஃப்எஸ் இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் மேப்-ஸ்வாப்ஃபைல் -ஆர் என்று கேளுங்கள், ஆர் சிறிய எழுத்து. ஸ்வாப் ஃபைலை அழித்து மறுபடி உருவாக்கினால் இந்த எண் மாறிவிடும். அளவைக் கூட்டிய அன்றே, கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பிலும் புது எண்ணை எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டிவிடுங்கள்.